பழைய டீசல் லாரியின் மின்சாரக் கோளாறுகளும் காற்றுச் சூடேற்றியின் ஒயர்களும்

மாங்காடு, குன்றத்தூர், பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களைச் சுற்றி இன்றும் சாகுபடியில் இருக்கும் நிலங்களில் கீரை, வெண்டை, கத்தரி, பூ முதலியன பயிராகி வருகின்றன. இவை யாவும் ஒரு நாள் தாமதத்தையும் பொறுக்காத சரக்குகள். கொத்தவால்சாவடியிலிருந்த மொத்த வியாபாரம் 1996-ஆம் ஆண்டில் கோயம்பேட்டுக்கு மாறிய பிறகு, மாங்காட்டிலிருந்து சந்தை ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தூரத்திலேயே இருக்கிறது. ஆயினும் பொழுது விடியுமுன் சரக்கு அங்கே போய்ச் சேராவிடில் நல்ல விலை கிடைப்பதில்லை. விடியற்காலை மூன்று மணிக்குக் கீரைக் கட்டுகளை ஏற்றியபின் லாரி கிளம்ப மறுத்தால், ஒரு மாதத்துப் பாடு அந்த ஒரு மணி நேரத்தில் வாடிப்போய்விடும்.

பழைய டீசல் வண்டிகளை வைத்திருக்கும் விவசாயிகள் பலர், வண்டி காலையில் கிளம்பாவிட்டால் "ஹீட்டர் போய்விட்டது" என்று உடனே தீர்மானித்துவிடுகிறார்கள். பிறகு புதிய ஹீட்டர், புதிய ரிலே, புதிய ஒயர் என்று பணம் செலவாகிறது; வண்டியோ மறுநாளும் கிளம்புவதில்லை. நமது சமவெளிப் பிரதேசத்தில் காலையில் வண்டி கிளம்பாமைக்குச் சூடேற்றி காரணமாவது அபூர்வம். ஆனால் அதே சூடேற்றி, அணைய வேண்டிய காலத்தில் அணையாமல் நின்றுவிட்டால், பாட்டரியைக் காலி செய்வதுடன் வண்டியையே கொளுத்தவும் கூடும். இவ்விரண்டு விஷயங்களையும் விளக்கி, கோளாற்றை வரிசைக் கிரமமாகக் கண்டுபிடிக்கும் முறையை எடுத்துக்கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டீசல் எஞ்சினின் தன்மை

பெட்ரோல் எஞ்சினில் பிளக்கு உண்டாக்கும் மின்சாரப் பொறியினால் எரிபொருள் பற்றிக்கொள்ளுகிறது. டீசல் எஞ்சினிலோ அத்தகைய பொறி கிடையாது. உள்ளே இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் அதன் அளவில் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்னும்படி நெருக்கும்போது, சைக்கிள் பம்பின் அடிப்பாகம் சூடாவதைப் போலவே, காற்று மிகுந்த உஷ்ணம் அடைகிறது. அந்தச் சூட்டில் டீசல் எண்ணெய் பனித்துளிபோல் தெளிக்கப்பட்டதும் தானே எரிகிறது. ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியர் ஆக்ஸ்பர்க் நகரில் 1897-ஆம் ஆண்டில் நன்கு ஓடச் செய்து காட்டிய எஞ்சினுக்கும், இன்று நம் லாரிகளில் உள்ள எஞ்சினுக்கும் அடிப்படை இதுவே.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது, காற்று போதுமான சூட்டை அடைய எஞ்சின் விரைவாகச் சுற்றப்பட வேண்டும். மெதுவாகச் சுற்றினால், நெருக்கப்பட்ட காற்றின் சூடு சிலிண்டரின் குளிர்ந்த சுவர்களுக்குப் போய்விடுகிறது; கொஞ்சம் காற்று பிஸ்டன் வளையங்களைக் கடந்தும் ஒழுகிவிடுகிறது. ஆகையால் பலமற்ற பாட்டரி, சூடேற்றி இல்லாத குறையைக் காட்டிலும் பெரிய இடையூறாகும். இரண்டாவது, கம்ப்யூட்டர் இல்லாத பழைய எஞ்சின், அதாவது முழுதும் யந்திர முறையில் இயங்கும் எண்ணெய்ப் பம்பை உடையது, ஓடத்தொடங்கிய பின் மின்சாரத்தை அநேகமாக வேண்டுவதில்லை. எண்ணெயை நிறுத்தும் மின்சார வால்வு பொருத்திய பம்புகள் மட்டும் இதற்கு விலக்கு.

சூடேற்றிகளின் வகைகள்

குளிர் தேசங்களில் காற்று உள்ளே வரும்போதே உறைபனியின் குளிரில் இருப்பதால், நெருக்கினாலும் எண்ணெய் பற்றும் அளவுக்குச் சூடாவதில்லை. அக்குறையை நீக்கவே சூடேற்றிகள் அமைக்கப்பட்டன. நம் நாட்டுப் பழைய வண்டிகளில் இவை மூன்று விதமாகக் காணப்படும்.

முதல் வகை, ஹீட்டர் பிளக்கு. இது ஒவ்வொரு சிலிண்டரின் சிற்றறையிலும் நுழைந்திருக்கும் சிறு கம்பி. டாட்டா கம்பெனியார் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸ் கம்பெனியாரோடு கூடி 1954-ஆம் ஆண்டு முதல் செய்த பழைய லாரிகளின் எஞ்சின்களும், மகிந்திரா ஜீப்புகளில் வந்த பெஷோ எஞ்சின்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. மிகப் பழைய அமைப்பில் பிளக்குகள் மாலையில் பூக்கள் கோத்ததுபோல் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று அறுந்தால் எல்லாம் அணைந்துவிடும். பிற்கால அமைப்பில் ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரம் தனித்தனியே பாய்வதால், ஒன்று போனாலும் மற்றவை வேலை செய்யும்.

இரண்டாம் வகை, காற்றுக் குழாயில் சுடர் உண்டாக்கும் கருவி. பெர்கின்ஸ் வகை எஞ்சின்கள் பலவற்றில் இது உண்டு. சாவியைச் சூடேற்றும் நிலைக்குத் திருப்பினால் கம்பி பழுத்து, அக்கருவிக்குள் இருக்கும் சிறு வால்வு திறந்து, சொட்டும் டீசல் எரிந்து உள்வரும் காற்றைச் சூடாக்கும். இது 12 வோல்ட்டில் ஏறக்குறைய 12, 13 ஆம்பியரே இழுக்கும்.

மூன்றாம் வகை, காற்றுக் குழாயின் வாயில் பொருத்திய தகட்டுச் சூடேற்றி. அடுப்பின் கம்பிச் சுருளைப்போன்ற பட்டைகள் காற்று செல்லும் வழியில் இருந்து அதைச் சூடாக்கும். கம்மின்ஸ் எஞ்சின்களில் இவ்வகை வழங்குகிறது. 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினுக்கு உரிய இரட்டைப் பட்டை அமைப்பில், ஒவ்வொரு பட்டையும் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 95 ஆம்பியர் இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் 190 ஆம்பியர். அதாவது இரண்டாயிரம் வாட்டுக்கு மேற்பட்ட சக்தி. ஒரு பெரிய மின்சார அடுப்புக்கு இது சமம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இதன் ஒயர்களில் கவனம் ஏன் வேண்டுமென்பது தெளிவாகும்.

நமது பகுதிக்கு எவ்வளவு தேவை?

தகட்டுச் சூடேற்றியுள்ள எஞ்சின்களில், உள்ளே வரும் காற்று ஏறக்குறைய 15 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே போனால்தான் அது வேலை செய்யும்படி அமைப்பது வழக்கம். சென்னையைச் சார்ந்த சமவெளியில் மார்கழி, தை மாதத்து விடியற்காலையிலும் உஷ்ணம் சாதாரணமாக 20 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. ஆகவே இங்கே நல்ல நிலையிலுள்ள எஞ்சின், சூடேற்றியின் உதவியின்றியே கிளம்பவேண்டும். சிற்றறையுள்ள பழைய பிளக்கு எஞ்சின்கள் மாத்திரம் இதற்குச் சற்று விலக்கு. அவற்றில் சூடு சிற்றறையின் சுவர்களுக்கு அதிகமாகப் போய்விடுவதால், நம் ஊர்க் காலை வேளையிலும் சில விநாடி சூடேற்றல் வேண்டியிருக்கும்.

இதே லாரி காரட், உருளைக்கிழங்கு ஏற்ற உதகமண்டலத்துக்குப் போய் இரவு தங்கினால் நிலைமை வேறு. அங்கே குளிர்காலத்தில் உறைபனி விழுவதுண்டு. சமவெளியில் ஆண்டு முழுதும் வேலையின்றிக் கிடந்த சூடேற்றி, மலைமேல் முதல் நாளிலேயே வேலை செய்யவேண்டியிருக்கிறது. அதன் ஒயர்களில் துரு ஏறியிருந்தால் அங்கேதான் தெரியவரும். ஆகையால் மலைக்குப் போகும் வண்டிகளின் சூடேற்றியைப் புறப்படுமுன் பரீட்சித்துக்கொள்வது அவசியம்.

முதற் பரீட்சை: ஒலியும் புகையும்

கருவிகள் ஒன்றையும் எடுக்குமுன், ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் செல்ப் மோட்டாரின் ஒலியையும் புகைக்குழாயையும் கவனிக்கவேண்டும். இது காசு செலவில்லாத பரீட்சை; ஆனால் பாதிக் கோளாறுகளை இதுவே பிரித்துக் காட்டிவிடும். நான்கு விதமான குறிகள் காணப்படலாம்.

1. செல்ப் சுற்றவே இல்லை; "டிக்" என்ற ஒலி மட்டும் கேட்கிறது, அல்லது அதுவும் இல்லை. இது பாட்டரி, கேபிள், சாவி, செல்பின் மேலுள்ள ஸ்விட்ச் ஆகியவற்றின் கோளாறு.

2. செல்ப் மெதுவாக முனகிக்கொண்டு சுற்றுகிறது. இது பாட்டரியின் பலவீனம் அல்லது இணைப்புகளின் தளர்ச்சி. சூடேற்றியைத் தேடிப் போவது வீண்.

3. செல்ப் வேகமாகச் சுற்றுகிறது. புகைக்குழாயில் புகையே இல்லை. எண்ணெய் சிலிண்டருக்கு வரவில்லை என்பது இதன் பொருள். டாங்கி, வடிகட்டி, குழாயில் புகுந்த காற்று, எண்ணெயை நிறுத்தும் மின்சார வால்வு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும்.

4. செல்ப் வேகமாகச் சுற்றுகிறது. வெண்ணிறப் புகை திரளாக வருகிறது. எண்ணெய் வருகிறது, ஆனால் எரியவில்லை. இந்த ஒரு நிலையில்தான் சூடேற்றியைச் சந்தேகிக்க நியாயம் உண்டு. வெயில் ஏறிய பிற்பகலிலும் இவ்வாறே இருந்தால், பிஸ்டன் வளையங்களின் தேய்வு, எண்ணெய் தெளிக்கும் நேரம் தவறுதல் முதலிய வேறு காரணங்களைத் தேடவேண்டும்.

பாட்டரியும் கேபிள்களும்

சூடேற்றிக்கு முன் பாட்டரியைப் பரீட்சிக்கவேண்டும். வண்டி இரவு முழுதும் நின்றபின், விளக்குகள் யாவும் அணைந்திருக்கையில் வோல்ட்டு மீட்டரை வைத்தால், நிறைந்த 12 வோல்ட்டுப் பாட்டரி 12.6 வோல்ட்டு காட்டும். 12.2 காட்டினால் பாதி காலி. 12-க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் செய்யவேண்டுமே தவிர வேறு பரீட்சைகள் செய்வதில் பயனில்லை. இரண்டு பாட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட்டு லாரிகளில் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்கவேண்டும். ஒன்று நன்றாயும் மற்றொன்று கெட்டும் இருப்பது வழக்கம்.

அடுத்து, செல்ப் சுற்றும்போதே மீட்டரைப் பார்க்கவேண்டும். 12 வோல்ட்டுப் பாட்டரி சுமார் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், அது வயதாகிப் போயிற்று அல்லது சார்ஜ் இல்லாதது. பாட்டரியில் வோல்ட்டு நிற்கிறது, ஆனால் செல்ப் மெதுவாகவே சுற்றுகிறது என்றால், வழியில் சக்தி விரயமாகிறது. இதைக் காண மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் பாசிட்டிவ் முனையிலும், மற்றதைச் செல்பின் பெரிய போல்ட்டிலும் வைத்துச் செல்பைச் சுற்றவேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தக் கேபிளிலோ அதன் முனைகளிலோ குற்றம் உண்டு. அதேபோல் பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சினின் இரும்புக்கும் இடையே அளந்தால், கால் வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

பழைய வண்டிகளில் எர்த்துக் கேபிளே மிகுதியாகக் குற்றவாளியாகிறது. எஞ்சின் ரப்பர் மெத்தைகளின்மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் சட்டத்துக்கும் தனியே ஒரு பின்னற்கம்பி வேண்டும். இது எண்ணெயும் சேறும் படிந்து ஒவ்வோர் இழையாக அறுந்துபோகும். சாதாரண விளக்குப் பரீட்சையில் இது அகப்படாது. மீதியிருக்கும் இரண்டு இழைகள் சிறு விளக்கை எரிக்கப் போதுமானவை. செல்பைச் சுற்றவோ போதா. "விளக்கு எரிகிறது, ஆகையால் எர்த்து சரி" என்று முடிவு செய்வது பெரும் தவறு. வேலை நடக்கும்போது அளந்து பார்ப்பதே சரியான முறை.

எஞ்சின் ஓடத்தொடங்கியபின் பாட்டரியில் 13.8 முதல் 14.4 வரை வோல்ட்டு காட்டவேண்டும். இல்லையேல் ஆல்டர்னேட்டரோ அதன் பெல்ட்டோ சரியில்லை. இந்தக் கருவிகளும் செல்ப் மோட்டார்களும் அம்பத்தூரை அடுத்த பாடியிலேயே 1961-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட லூகாஸ்-டிவிஎஸ் தொழிற்சாலையில் செய்யப்பட்டு வருவதால், உறுப்புகளுக்காக நம் பகுதியார் வெகுதூரம் அலையவேண்டியதில்லை. கருவியின்மேல் ஒட்டியுள்ள தகட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு போவது உசிதம்.

சூடேற்றியின் ஒயர் வழி

மின்சாரம் வாய்க்கால் நீரைப் போன்றது. பாட்டரி ஏரி, பியூஸ் மதகு, ரிலே மடை, சூடேற்றி வயல், எர்த்து வடிகால். கடைமடை வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால், விவசாயி ஏரியிலிருந்து ஒவ்வொரு மடையாகப் பார்த்துக்கொண்டு வருவாரல்லவா? இங்கேயும் அதுவே முறை. நடுவில் ஓரிடத்தைத் தோண்டிப் பார்ப்பதில் பலனில்லை.

இரண்டு ஒயர்களோடு இணைத்த சிறு 12 வோல்ட்டுப் பல்பு ஒன்றும், சாதாரண வோல்ட்டு மீட்டர் ஒன்றும் போதும். பல்பின் ஒரு முனையை எஞ்சினின் சுத்தமான இரும்பில் வைத்துக்கொள்க. மறு முனையால் பாட்டரியிலிருந்து தொடங்கி, பியூஸின் இரு பக்கங்களையும், பிறகு ரிலேயின் பெரிய போல்ட்டுகளையும் தொட்டுப் பார்க்கவேண்டும். பல்பு எரியும் கடைசி இடத்துக்கும் எரியாத முதல் இடத்துக்கும் நடுவில்தான் குற்றம் இருக்கும்.

சிறு ரிலேக்களில் ஜெர்மானிய முறைப்படி எண்கள் அச்சிட்டிருக்கும். 30 என்பது பாட்டரியிலிருந்து வருவது. 87 என்பது சூடேற்றிக்குப் போவது. 85, 86 இரண்டும் ரிலேயைத் தூண்டும் சிறு ஒயர்கள். ரிலே "டிக்" என்று ஒலித்தால் மட்டும் அது நன்றாயிருக்கிறது என்று கொள்ளலாகாது. உள்ளே தொடும் முனைகள் கருகியிருந்தாலும் ஒலி கேட்கும். இதைப் பரீட்சிக்க, மீட்டரின் இரு முனைகளையும் ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டுகளின்மேல் வைக்கவேண்டும். ரிலே அணைந்திருக்கையில் பாட்டரியின் முழு வோல்ட்டும் காட்டவேண்டும். வேலை செய்கையில் ஏறக்குறைய பூஜ்யம் காட்டவேண்டும். வேலை செய்யும்போதும் பல வோல்ட்டு காட்டினால் முனைகள் கருகிவிட்டன. அணைந்திருக்கும்போதும் பூஜ்யமாகவே காட்டினால், சூடேற்றியே அறுந்திருக்கலாம். பாட்டரியிலிருந்து மின்சாரம் வராதிருக்கலாம். அல்லது முனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்போது இரு போல்ட்டுகளையும் பல்பால் தனித்தனியே தொட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். சூடேற்றிக்குப் போகும் போல்ட்டில் பல்பு எரிந்தால் ரிலே ஒட்டிக்கொண்டது நிச்சயம்.

மாலைபோல் கோத்த பிளக்குகளில், மின்சாரம் வரும் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பிளக்காகப் பல்பை வைத்துக்கொண்டு போனால், அறுந்த பிளக்கு வரையில் பல்பு நன்றாக எரியும், அதற்கப்பால் எரியாது. தனித்தனியே இணைத்த பிளக்குகளில், முதலில் அவற்றைச் சேர்க்கும் பட்டையைக் கழற்றிவிடவேண்டும். பிறகு பாட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் ஒவ்வொரு பிளக்கின் நுனிக்கும் நடுவில் பல்பை வைத்தால், எரிந்தால் பிளக்கு நல்லது, எரியாவிட்டால் அறுந்தது. ஒன்றிரண்டு பிளக்குகள் மட்டும் போன எஞ்சின், கிளம்பும்போது தடுமாறி வெண்புகை விட்டு, ஓரிரு நிமிஷத்தில் சமப்படும்.

தகட்டுச் சூடேற்றியைச் சாதாரண ஓம் மீட்டரால் அளப்பது பயனற்றது. அதன் தடை ஓர் ஓமில் எட்டில் ஒரு பங்கே ஆகையால், மீட்டர் நல்லதற்கும் குறுக்கே இணைந்து கெட்டதற்கும் பேதம் காட்டாது. சூடேற்றி வேலை செய்யும்போது பாட்டரியின் வோல்ட்டு சட்டென்று இறங்குவதே நல்ல அடையாளம். மலைப் பிரதேசத்தில் எஞ்சின் ஓடத்தொடங்கிய பின்னும் சிறிது நேரம் இவ்வகைச் சூடேற்றி விட்டுவிட்டு வேலை செய்வதுண்டு. அப்போது முன்விளக்குகள் மங்கி, மீண்டும் பிரகாசிப்பதைக் கோளாறு என்று எண்ணி ஆல்டர்னேட்டரைக் கழற்றவேண்டாம்.

சுடர் உண்டாக்கும் கருவியில் மின்சாரத்தோடு எண்ணெயையும் பார்க்கவேண்டும். அதற்கு வரும் மெல்லிய குழாயில் எண்ணெய் இல்லாவிட்டால், கம்பி பழுத்தும் சுடர் உண்டாகாது. வால்வு சரியாக மூடாவிட்டால், ஓடும்போதெல்லாம் எண்ணெய் உள்ளே கசிந்து வீண்புகை உண்டாகும். எண்ணெய்ச் செலவும் கூடும்.

அணையாத சூடேற்றி

சமவெளி விவசாயி அஞ்சவேண்டியது வேலை செய்யாத சூடேற்றிக்கு அன்று, அணையாத சூடேற்றிக்கே. ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், சாவியை எடுத்துவிட்டாலும் மின்சாரம் நிற்பதில்லை. ஏனெனில் இந்த வழி சாவியின் ஊடே செல்வதன்று, பாட்டரியிலிருந்து நேரே செல்வது. 95 ஆம்பியர் இழுக்கும் ஒரே பட்டை ஒட்டிக்கொண்டாலும், 100 ஆம்பியர்-மணி கொண்ட நிறைந்த பாட்டரி ஒரு மணிக்குள்ளாகவே காலியாகிவிடும். நிற்கும் எஞ்சினில் காற்று ஓட்டம் இல்லாததால், பட்டையின் சூடு வெளியேற வழியின்றி அருகிலுள்ள ரப்பர்க் குழாய்களையும் ஒயர் உறைகளையும் கருக்கும். வைக்கோல் போரின் பக்கத்தில் நிற்கும் லாரிக்கு இது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்து, விளக்குகளை அணைத்து, பாட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பாட்டரி முனைக்கும் நடுவில் அந்தச் சிறு பல்பை வைக்கவேண்டும். பல்பு பிரகாசமாக எரிந்தால் பெருங்கசிவு இருக்கிறது. அப்போது சூடேற்றியின் ஒயரை ரிலேயிலிருந்து கழற்றிப் பார்க்க, பல்பு அணைந்தால் குற்றம் அங்கேயே. கடிகாரமோ கம்ப்யூட்டரோ உள்ள வண்டிகளில் பல்பு மிக மங்கலாக எரிவது இயல்பு. இரவில் வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்தும் காற்றுக் குழாயின் வாயருகே புதுச்சூடு தென்பட்டாலும் இதே சந்தேகம் கொள்ளவேண்டும்.

இவ்வாறு ரிலே கெட்ட வண்டிக்குப் புது ரிலே கிடைக்கும் வரையில் செய்யத்தக்கது யாதெனில், பாட்டரியிலிருந்து சூடேற்றிக்குப் போகும் பெரிய ஒயரைப் பாட்டரிப் பக்கத்திலேயே கழற்றி, முனையை ரப்பர் நாடாவால் நன்கு சுற்றிக் கட்டிவிடுவதே. தகட்டுச் சூடேற்றியும் சுடர்க் கருவியும் உள்ள எஞ்சின்கள் நம் சமவெளியில் அதனால் ஒரு கஷ்டமும் அடையா. கழற்றியதை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவைக்க வேண்டும். இல்லாவிடில் மலைக்குப் போகும் டிரைவர் அறியாமல் அவதிப்படுவார். கம்ப்யூட்டர் உள்ள வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு எரியக்கூடுமாதலால், அவற்றைத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிச் செய்வது நலம்.

ஒயர்களின் பகைவர்கள்

முதற் பகைவன் எலி. தானியமும் வைக்கோலும் உள்ள கொட்டகையில் நிற்கும் வண்டியில் எலிகள் கூடு கட்டி, ஒயரின் மேலுறையைக் கொறித்துவிடுகின்றன. உறை போன ஒயர் சட்டத்தைத் தொட்டால் பியூஸ் போகும். பியூஸுக்கு முன் தொட்டால் ஒயரே எரியும். வாரத்துக்கு ஒரு முறை பானெட்டைத் திறந்து, கூடு, எச்சம், கொறித்த துணுக்கு ஆகியவை உண்டா என்று பார்க்கவேண்டும்.

இரண்டாவது பகைவன் தண்ணீர். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பெருவெள்ளத்தில் அடையாற்றின் கரையோரங்களில் எத்தனையோ வண்டிகள் நீரில் மூழ்கின. அவ்வாறு மூழ்கிய வண்டி உலர்ந்தபின் ஓடினாலும், இணைப்புகளுக்குள் புகுந்த நீர் செப்பைப் பச்சையாக்கி, மாதங்கள் கழித்துக் கோளாறு கொடுக்கும். வடகிழக்குப் பருவ மழைக்கு முன்னும் பின்னும் பெரிய இணைப்புகளைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, வாசலின் தடவிவைப்பது சிறந்த காப்பு.

மூன்றாவது, நம் கைகளே. ஒயரை முறுக்கி நாடா சுற்றிய இணைப்பு, வயலில் மண்ணால் அடைத்த மடைபோல் என்றைக்காவது உடையும். சூடேற்றிக்கு வீட்டு விளக்கு ஒயரை இணைப்பதும், போன பியூஸுக்குப் பதிலாகச் செப்புக் கம்பி கட்டுவதும் வண்டிக்கு நெருப்பு வைப்பதற்குச் சமானம். பிரிட்டிஷ் லூகாஸ் முறைப்படி கறுப்பு ஒயர் எர்த்து, பழுப்பு ஒயர் எப்போதும் பாட்டரியோடு இணைந்தது, வெள்ளை சாவியிலிருந்து வருவது. ஆனால் பல கைகள் பட்ட வண்டியில் நிறத்தை நம்பலாகாது, பல்பையே நம்பவேண்டும். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய ரிலே வாங்குவோர் அதன் ஆம்பியர் அளவைப் பார்த்தே வாங்கவேண்டும். ஹாரனுக்குரிய ரிலேயைச் சூடேற்றிக்கு வைத்தால் அது முதல் குளிரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

செய்யத்தகாதவை

ஒயர்களைத் தொடுமுன் பாட்டரியின் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றவேண்டும். பூட்டும்போது அதையே கடைசியில் பூட்டவேண்டும். மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றி வைக்கவேண்டும். பாட்டரி முனைக்கும் சட்டத்துக்கும் நடுவில் மோதிரம் அகப்பட்டால் விரல் வெந்துவிடும். சார்ஜ் ஆகும் பாட்டரியிலிருந்து வெளிவரும் வாயு வெடிக்கக்கூடியது. அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. காற்றுக் குழாயில் கிளம்பும் மருந்தைப் பீச்சுவதும், பெட்ரோல் நனைத்த துணியை வைப்பதும், பந்தம் கொளுத்திக் காட்டுவதும் ஆகிய வழக்கங்கள் அறவே விலக்கத்தக்கவை. சூடேற்றி பழுத்திருக்கும் குழாயில் அம்மருந்தைப் பீச்சினால் உள்ளேயே வெடித்துக் குழாயையும் ஆளையும் காயப்படுத்தும்.

குறிப்புப் புத்தகம்

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டு வைத்து, பாட்டரி வாங்கிய தேதி, மாதந்தோறும் காலையில் காட்டும் வோல்ட்டு, மாற்றிய உறுப்புகள், கழற்றிவைத்த ஒயர்கள் ஆகியவற்றை எழுதிவருவது மிகவும் பிரயோஜனமுள்ளது. இரண்டு மாதத்தில் 12.6-லிருந்து 12.3-க்கு இறங்கிய பாட்டரி, மூன்றாம் மாதம் சந்தை நாளில் கைவிடப் போகிறது என்பதை நோட்டே முன்கூட்டிச் சொல்லிவிடும். கூட்டுறவுச் சங்கங்களும் உழவர் குழுக்களும் வாடகைக்கு விடும் டிராக்டர், லாரிகள் பல டிரைவர்களின் கைகளில் மாறி மாறிப் போவதால், அவற்றுக்கு இந்த நோட்டு இன்னும் அவசியம். சங்கப் பொறுப்பாளர்களும் கிராம அலுவலர்களும் மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு நாளைக் குறித்து, ஊரிலுள்ள வண்டிகள் யாவற்றின் பாட்டரி, எர்த்து, பியூஸ், சூடேற்றி ஆகியவற்றை ஒரே இடத்தில் பரீட்சிக்க ஏற்பாடு செய்தால், ஒரு மீட்டரும் ஒரு பல்பும் ஊர் முழுமைக்கும் போதுமானவை.

இதுகாறும் கூறியவற்றின் சுருக்கம் இது. வண்டி கிளம்பாவிட்டால் முதலில் ஒலியையும் புகையையும் கவனிக்கவேண்டும். பிறகு பாட்டரி, அதன்பின் கேபிள்களும் எர்த்தும், கடைசியிலேயே சூடேற்றி. சூடேற்றி வேலை செய்யவில்லை என்பதைவிட, அது இரவில் அணைந்திருக்கிறதா என்பதே நம் பகுதியில் முக்கியமான கேள்வி. இந்த வரிசையைக் கைக்கொள்ளும் விவசாயி, தேவையில்லாத உறுப்புகளுக்குப் பணம் கொடுக்கமாட்டார். அவருடைய கீரைக் கட்டும் வாடுமுன் கோயம்பேடு போய்ச் சேரும்.